கந்துகமும் கறுப்புப் பந்தும்

கார்த்திகை மாதத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சபரிமலைக்கு மாலையிட்டவர்கள். ஆரியங்காவுக் கணவாயைக் கடக்குமுன் அருவியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுச் செல்கிறவர்கள். எஞ்சிய சிலர் எங்களைப் போன்றவர்கள். ஆனி ஆடிச் சாரலின் நெரிசலுக்கு அஞ்சி, வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் இரண்டாவது வெள்ளத்துக்காகக் காத்திருந்து வருகிறவர்கள். 2025ஆம் ஆண்டின் கார்த்திகையில் நாங்கள் நால்வர் அப்படி வந்திருந்தோம். வந்த அன்றே மழை வலுத்தது. பேரருவியில் குளிக்கத் தடை விதித்துவிட்டார்கள். அறைக்குள் அடைபட்டவர்களுக்குக் கையோடு கொண்டுவந்திருந்த திருக்குற்றாலக் குறவஞ்சியே துணை. அதை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவிலுள்ள மேலகரத்துக்காரர் என்பதால், அந்த மண்ணில் அமர்ந்து அந்நூலை வாசிப்பதில் எங்களுக்கு ஒரு சிறு பெருமையும் உண்டு.

குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லி தெருவுக்கு வந்ததும் பந்தடிக்கிறாள். அந்தப் பந்தாட்டத்தின் சந்தம் தமிழ் படித்த எவருக்கும் காதில் ஒலித்துக்கொண்டிருப்பது. வளையல் ஒலிக்கிறது, இடை துவள்கிறது, கூந்தல் அவிழ்கிறது. பிறகு குற்றாலநாதரின் பவனியைக் காண்கிறாள், காதல் கொள்கிறாள், பந்தைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்துபோகிறது. எங்களுள் ஒருவர் தமிழாசிரியை. வகுப்பில் இப்பகுதியைப் பல ஆண்டுகள் நடத்தியவர். அவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "எல்லாம் சரி, எத்தனை தடவை அடித்தாள் என்று கவிராயர் சொல்லவே இல்லையே" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், நவம்பர் 13 அன்று, கத்தாரின் தோகா நகரில் நடந்த உலக மகளிர் ஸ்நூக்கர் இறுதியாட்டத்தில் சென்னையைச் சேர்ந்த அனுபமா இராமச்சந்திரன் வென்ற செய்தி வந்திருந்தது. அச்செய்தியை எங்களில் இருவர் படித்திருந்தோம். ஆசிரியையின் கேள்வியும் அச்செய்தியும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, அன்று மாலைவரை பேச்சு அதிலேயே நின்றது. இக்கட்டுரை அந்தப் பேச்சிலிருந்து எழுந்தது.

பந்துக்குப் பழந்தமிழில் கந்துகம் என்றொரு பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்ற பகுதியில் மகளிர் பாண்டியனை வாழ்த்தியபடி பந்தடிக்கிறார்கள். அங்கே பந்து பாட்டுக்குத் தாளம். தமிழில் பந்தாட்டத்தை உண்மையிலேயே ஒரு போட்டியாக நடத்திக் காட்டியவர் கொங்குவேளிர். பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் 'பந்தடி கண்டது' என்றே ஒரு பகுதி இருக்கிறது. வாசவதத்தையின் ஆயத்தாரும் பதுமாபதியின் ஆயத்தாரும் இரு அணிகளாகப் பந்தடிக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் எத்தனை அடித்தாள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒருத்தியை அடுத்தவள் விஞ்சுகிறாள். எல்லோரையும் விஞ்சி ஆடுகிறவள் மானனீகை. 1924இல் உ.வே.சா. இந்நூலைப் பதிப்பித்ததன் பயன்களில், ஒரு விளையாட்டுப் போட்டியின் புள்ளிப்பட்டியலை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கதை எங்கே போய் முடிகிறது? ஆட்டத்தைக் காணும் உதயணன் மானனீகைமேல் காதல் கொள்கிறான். அத்தனை எண்ணிக்கையும் அரசனின் கண்ணுக்கு அவளைக் கொண்டுசேர்ப்பதற்கான படிக்கட்டாகிவிடுகிறது. அவளுடைய ஆட்டத்தை எவர் முறியடித்தார், முறியடிக்க எவராவது முயன்றாரா என்பது கதைக்குத் தேவைப்படவில்லை.

பந்தைக் கோலால் தள்ளும் ஆட்டத்துக்கு வருவோம். அதுவும் மழையில் அடைபட்டவர்கள் உண்டாக்கியதுதான். 1875ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஜபல்பூரில் தங்கியிருந்த டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் உணவு விடுதியிலிருந்த பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றிப் பொழுதைப் போக்கினார்கள். அவர்கள் ஆடியவற்றுள் ஒன்று பூல். ஆளுக்கொரு தொகை கட்டி, வென்றவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் பந்தய ஆட்டம் அது. அத்துடன் பதினைந்து சிவப்புப் பந்துகளைக் கொண்ட பிரமிட்ஸ் என்ற ஆட்டத்தையும் கலந்து, மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்தார் நெவில் சேம்பர்லின் என்ற பத்தொன்பது வயது இளைஞர். (பிற்காலத்தில் இதே பெயரில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர் வேறொருவர்.) உல்லிச்சு இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைக் கேலியாக 'ஸ்நூக்கர்' என்று அழைப்பது வழக்கம் என்று விருந்தினர் ஒருவர் சொல்லியிருந்தாராம். எளிதான பந்தைத் தவறவிட்ட தோழனை சேம்பர்லின் அச்சொல்லால் பழிக்க, மேசையைச் சுற்றி நின்ற நாம் எல்லோருமே இந்த ஆட்டத்துக்கு ஸ்நூக்கர்கள்தானே என்று சமாதானம் சொல்ல, ஆட்டத்துக்கே அது பெயராகிவிட்டது. அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1938இல், 'தி ஃபீல்ட்' என்ற ஆங்கில இதழுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இந்தப் பிறப்புரிமையைக் கோரினார்.

சேம்பர்லின் பின்னர் சென்னைப் படைத் தலைவர் இராபர்ட்ஸின் பணிக்குழுவில் சேர்ந்தார். கோடையில் சென்னை அரசாங்கம் முழுவதும் உதகைக்கு ஏறிவிடும் காலம் அது. 1882இல் உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்நூக்கரின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. ஆகவே ஜபல்பூரில் வாய்மொழியாகப் பிறந்த ஆட்டம் இலக்கணம் பெற்றது நீலகிரியில். 1885இல் இங்கிலாந்தின் பெரும் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரான ஜான் இராபர்ட்ஸ் கல்கத்தாவில் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டறிந்து ஊர் திரும்பினார் என்பது வரலாறு. இன்று உலகெங்கும் தொலைக்காட்சியில் ஓடும் ஓர் ஆட்டத்தின் முதல் விதிப்பட்டியல் தமிழ்நாட்டுச் சுவர் ஒன்றில் தொங்கியது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அறியாததில் வியப்புமில்லை. அக்காலத்து ஆங்கிலேயர் மன்றங்கள் பலவற்றில் இந்தியருக்கு உறுப்பினர் உரிமை இல்லை. பரிமாறுகிறவராகவும், புள்ளி குறிக்கும் 'மார்க்கர்' ஆகவும் மட்டுமே நம்மவர் அந்த அறைகளுக்குள் நின்றார்கள். ஆட்டத்தை அருகிலிருந்து கண்டு நுட்பமாகக் கற்றுக்கொண்டவர்கள் அந்த மார்க்கர்கள்.

இந்தியருக்கே கதவு இப்படியென்றால் பெண்ணுக்கு என்ன சொல்வது? ஆனால் மேசைக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவு ஆண்களின் மன்றங்களைவிடப் பழையது. ஸ்காட்லாந்து அரசி மேரி சிறையிலிருந்தபோது தம் பில்லியர்ட்ஸ் மேசையைப் பறித்துக்கொண்டதாக முறையிட்டார் என்ற செய்தி உண்டு. ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தில் கிளியோபாத்ராவைக் கொண்டு, வா பில்லியர்ட்ஸ் ஆடலாம் என்று தோழியை அழைக்கவைத்தார். எகிப்தில் அன்று அப்படியோர் ஆட்டம் இல்லை, காலவழு. எனினும் பில்லியர்ட்ஸை ஓர் அரசியின் வாயில் வைப்பதில் அவருக்கு ஒவ்வாமை ஏதும் தோன்றவில்லை என்பது எங்களுக்கு அந்த வழுவைவிடச் சுவையான செய்தி. மன்றங்கள் வந்த பிறகுதான் மேசை சுருட்டுப் புகைக்கும் அறைக்குள் போயிற்று. பெண் வெளியே நின்றாள்.

அந்த நிலை முற்றிலும் பழங்கதையாகிவிடவில்லை. 2019இல் இங்கிலாந்தின் ரெபெக்கா கென்னா தம் ஊர் லீக் போட்டியிலிருந்து விலகினார். ஆட வேண்டிய சில கிளப்புகளின் ஆட்ட அறைக்குள் பெண்களை அனுமதிப்பதில்லை என்பதே காரணம். அவர் அப்போது உலகின் முன்னணி மகளிர் ஆட்டக்காரர்களுள் ஒருவர்.

மகளிருக்கான உலகப் போட்டி 1976இல் மிடில்ஸ்பரோவில் தொடங்கியது. அதில் வென்ற வேரா செல்பி ஓவியம் கற்பித்த ஆசிரியை. 1981இல் தம் ஐம்பத்தொன்றாவது வயதில் மீண்டும் வென்றார். (இதைக் கேட்டதும் எங்கள் தமிழாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பதையும் பதிவு செய்கிறோம்.) பிறகு வந்த ஆலிசன் ஃபிஷர் ஏழு முறை உலகப் பட்டம் வென்றவர். ஆனால் மகளிர் ஸ்நூக்கரில் கிடைத்த பரிசுப் பணம் பிழைப்புக்குப் போதாது. 1995இல் அமெரிக்காவுக்குச் சென்று, சிறிய மேசையில் ஆடும் ஒன்பது பந்துப் பூல் ஆட்டத்துக்கு மாறினார். அங்கே அதற்கென மகளிர் தொழில்முறைச் சுற்று இருந்தது. அதிலும் நான்கு முறை உலகப் பட்டம் பெற்றார். ஒரே மனிதர் இரு ஆட்டங்களின் உச்சியிலும் நின்றது அரிய சாதனை. அதை மெச்சும்போதே, ஓர் ஆட்டம் தன் சிறந்த ஆட்டக்காரியைச் சோற்றுக்காக இன்னோர் ஆட்டத்திடம் இழந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் பின் ரியான் எவன்ஸ் பன்னிரண்டு முறை உலகப் பட்டம் வென்றார். அவற்றுள் பத்து, 2005 முதல் 2014 வரை தொடர்ச்சியாக. அந்தத் தொடரை 2015இல் முறித்தவர் ஹாங்காங்கைச் சேர்ந்த இங் ஆன்-யீ. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். நம் கதை இரு முறை அவரிடம் வந்து நிற்கப்போகிறது.

இந்தியப் பெண்களின் தடம் முதலில் பதிந்தது ஸ்நூக்கரில் அன்று, பில்லியர்ட்ஸில். அனுஜா தாக்கூர் 2005இல் உலக மகளிர் பில்லியர்ட்ஸ் பட்டம் பெற்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளும், 2006, 2007, பெங்களூரைச் சேர்ந்த சித்ரா மகிமைராஜ் அதை வென்றார். மகிமைராஜ் என்ற பெயரே தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றாது. ஹாக்கி ஆடிக்கொண்டிருந்து கோலைப் பிடித்தவர் அவர். நாடு திரும்பிய அவரை எத்தனை பேர் அடையாளம் கண்டிருப்பார்கள் என்று கேட்டால், எங்கள் நால்வரில் எவருக்கும் அப்போது அவரைத் தெரியாது என்பதே நேர்மையான பதில். அந்த ஆண்டுகளில் கிரிக்கெட் பற்றி நாங்கள் எழுதித் தள்ளிய பக்கங்களை எண்ணிப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

2013இல் அயர்லாந்தின் கார்லோ நகரில் நடந்த உலக மகளிர் அணிப் போட்டியில் சித்ராவும் வித்யா பிள்ளையும் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2017 மார்ச் மாதம், சிங்கப்பூரில் நடந்த உலக மகளிர் ஸ்நூக்கர் போட்டியின் இறுதியாட்டத்துக்கு வித்யா முன்னேறினார். எதிரே இங் ஆன்-யீ. பதினொரு ஃப்ரேம்களில் ஆறு வென்றவருக்குப் பட்டம். பத்து ஃப்ரேம்கள் முடிந்தபோது ஐந்துக்கு ஐந்து. பதினொன்றாவதை ஆன்-யீ வென்றார். ஆறுக்கு ஐந்து என்று அச்சிடும்போது அது எவ்வளவு சிறிய வேறுபாடாகத் தெரிகிறது! அந்த மேசையருகே நாள் முழுக்க நின்றவருக்கு அது வேறு அளவாக இருந்திருக்கும். அப்போது வித்யாவுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். உலகப் பட்டம் என்று செய்தித்தாள்கள் எழுதுவது இரண்டு வெவ்வேறு போட்டிகளை. செல்பியும் ஃபிஷரும் எவன்ஸும் வென்றது, வித்யா இறுதிவரை சென்றது, மகளிர் சுற்றுக்குரிய உலகப் போட்டி. சர்வதேசக் கூட்டமைப்பு நடத்தும் உலகப் போட்டி வேறு. அதில் நாடுகள் தம் ஆட்டக்காரர்களை அனுப்புகின்றன. 2025இல் தோகாவில் அனுபமா வென்றது இரண்டாவது வகை. பதினைந்து சிவப்புப் பந்துகளைக் கொண்டு முழுமையாக ஆடப்படும் அந்தப் போட்டியில் மகளிர் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர். முதலாவது பட்டத்தை இந்தியப் பெண் எவரும் இன்னும் பெற்றதில்லை. பெருமிதத்தில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வித்யாவுக்கும் நியாயமாகாது, அனுபமாவுக்கும் நியாயமாகாது.

ஆட்டம் அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட மேசை. வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்றப் பந்துகளை ஆறு குழிகளில் வீழ்த்த வேண்டும். சிவப்புக்கு ஒரு புள்ளி. ஒரு சிவப்பை வீழ்த்தியவர் அடுத்து ஒரு வண்ணப் பந்தை வீழ்த்தலாம்: மஞ்சளுக்கு இரண்டு, பச்சைக்கு மூன்று, பழுப்புக்கு நான்கு, நீலத்துக்கு ஐந்து, இளஞ்சிவப்புக்கு ஆறு, கறுப்புக்கு ஏழு. வண்ணப் பந்து மேசைக்குத் திரும்பும், சிவப்பு திரும்பாது. சிவப்புகள் தீர்ந்ததும் வண்ணங்கள் வரிசைப்படி விழும், கறுப்பு கடைசி. ஒருவர் தவறினால் அடுத்தவர் மேசைக்கு வருவார். அதுவரை மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதிராளியின் மேல் கைவைக்க முடியாது, அவர் அடித்ததைத் தடுக்க முடியாது, ஓடிக் களைக்கவைக்க முடியாது. தோல்வியை உட்கார்ந்தபடி பார்க்கவைக்கும் கொடுமை இந்த ஆட்டத்தில்போல் வேறெதிலும் இருக்குமா என்பது ஐயமே. பெண்களுக்கென்று மேசை குறுகுவதில்லை, குழி அகலுவதில்லை. ஆண் ஆடும் அதே மேசை, அதே பந்து.

அந்த மேசைதான் சிக்கல். கற்பலகைகளின் மேல் கம்பளித் துணி விரித்த அது ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. கோலை வீச எல்லாப் பக்கமும் இடம் வேண்டுமென்பதால் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீடு முழுவதையும் அந்த ஒரு மேசை விழுங்கிவிடும். ஆகவே ஆட்டம் வீட்டுக்கு வராது. ஆடுகிறவர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். போகிற இடம் பணக்காரர்களின் கிளப்பாக இருக்கும், அல்லது இளைஞர்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடும் பார்லராக இருக்கும். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பப் பெற்றோர் யோசிக்கும் இரண்டு இடங்கள். அனுபமாவுக்கு வாய்த்தது மயிலாப்பூர் கிளப்பில் நடந்த ஒரு கோடைப் பயிற்சி முகாம். பள்ளிச் சிறுமியாக அங்கே கோலைப் பிடித்தவர், தேசிய அளவில் இளையோர் பட்டங்கள் பலவற்றைக் கடந்து தோகா வரை வந்தார். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கோடை முகாம் நடந்திராவிட்டால் அத்திறமை இருப்பதே எவருக்கும் தெரிந்திருக்காது என்பதற்காகச் சொல்கிறோம். ஆன்-யீயின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. அவருடைய தந்தை ஸ்நூக்கர் கிளப் ஒன்றில் வேலை பார்த்தவர். சிறுமி அங்கே போய்வந்ததில் ஆட்டம் ஒட்டிக்கொண்டது.

இதோடு கேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏழையின் பில்லியர்ட்ஸ் என்று அதைச் சொல்வதில் தவறில்லை. நான்கு குழி, ஒரு பலகை, விரலே கோல். அந்த ஆட்டத்தில் 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வடசென்னையின் வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னை. ஆட்டோ ஓட்டுநரின் மகள். எந்தக் கிளப்பும் கதவு திறந்து அவர்களை வரவேற்க வேண்டியிருக்கவில்லை. கேரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்கலாம், தெருவிலே ஸ்டூல் போட்டு விரிக்கலாம், மழை வந்தால் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடலாம். விளையாட்டில் எந்தப் பெண் எவ்வளவு தூரம் போகிறாள் என்பதைப் பலகையின் எடையும் தீர்மானிக்கிறது என்று எங்களுள் ஒருவர் சொன்னது மிகையாகத் தோன்றவில்லை.

மாலையில் மழை சற்று ஓய்ந்தபோது தென்காசிக்குப் போனோம். காசி விசுவநாதர் கோயிலின் வாசலில் எப்போதும் வீசும் காற்று அன்றும் வீசியது; ஈரத்தோடு வீசியது. கோயிலுக்குப் போகும் திட்டந்தான். வழியில் ஒரு மாடியில் 'ஸ்நூக்கர், பூல்' என்று பலகை கண்டதும் திட்டம் மாறிவிட்டது. படியேறிப் போனோம். மூன்று மேசைகள். பெரியது ஒன்று ஸ்நூக்கருக்கு. சிறியவை இரண்டு பூலுக்கு. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஏழெட்டு இளைஞர்கள். எங்களுள் மூவர் நுழைந்தபோது எவரும் திரும்பவில்லை. ஆசிரியை நுழைந்ததும் பந்துகளின் ஓசை நின்றது. அவர் வயது ஐம்பதுக்கு மேல். கையில் நனைந்த குடை. யாரோ ஒருவர் வாயிலிருந்த சிகரெட்டை அவசரமாக மறைத்தார். வேறு தவறு ஏதும் நடக்கவில்லை. அந்த அமைதி மட்டுந்தான்.

பொறுப்பிலிருந்த பையனுக்கு இருபது வயதிருக்கலாம். பெண்கள் யாராவது ஆட வருவதுண்டா என்று கேட்டோம்.

"பொம்பளப் புள்ளைங்க யாரும் வர மாட்டாவ அண்ணாச்சி" என்றான். பிறகு ஆசிரியையைப் பார்த்து, "நீங்க ஆடிப் பாக்கேளாக்கா?" என்று ஒரு கோலை எடுத்து நீட்டினான். கோல்முனையில் நீலச் சுண்ணத்தைத் தேய்த்துக் கொடுத்ததும் அவனேதான்.

அவர் ஒரு முறை குனிந்து அடித்தார். வெள்ளைப் பந்து எதையும் தொடாமல் உருண்டு போய்ப் பாதியில் நின்றது. மழைக்காலத்தில் துணி ஈரம் குடித்துவிடும், பந்து ஓடாது என்று அவன் சமாதானம் சொன்னான். உண்மைதான், பெரிய போட்டிகளில் மேசைக்கு அடியில் சூடேற்றுவது அதற்காகவே. ஆசிரியை நிமிர்ந்து, கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்களிடம் மெல்லச் சொன்னது இது: "குனியும்போது எல்லாரும் பந்தைப் பார்க்கிறார்களா என்னைப் பார்க்கிறார்களா என்றுதான் மனசு போகிறது. இதில் குறி எங்கே பார்ப்பது?" வசந்தவல்லியைப் பற்றி அன்று காலை பேசியது எல்லாம் அந்த ஒரு வரியில் எங்களுக்கு வேறு விதமாக விளங்கிற்று. அந்தப் பார்வைக்கு நடுவே நின்று ஆண்டுக்கணக்கில் குறி பார்க்கப் பழகியவர்கள் சித்ராவும் வித்யாவும் அனுபமாவும்.

தோகாவின் இறுதியாட்டம் ஐந்து ஃப்ரேம். எதிரே மூன்று முறை உலகப் பட்டம் வென்ற ஆன்-யீ. எட்டு ஆண்டுகளுக்கு முன் வித்யாவைக் கடைசி ஃப்ரேமில் வென்ற அதே ஆன்-யீ. முதல் ஃப்ரேமை அனுபமா 51-74 என்று இழந்தார். இரண்டாவதை 65-41 என்று எடுத்தார். மூன்றாவது 10-71, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த ஃப்ரேம் அது. நான்காவது 78-20. மீண்டும் எல்லாம் ஒரே ஒரு ஃப்ரேமுக்கு வந்து நின்றது. இம்முறை அந்த ஃப்ரேம் மேசையில் கறுப்பு மட்டும் எஞ்சும்வரை போயிற்று. அனுபமா 61, ஆன்-யீ 60. கறுப்பை வீழ்த்துகிறவருக்கு உலகப் பட்டம். வீழ்த்தியவர் அனுபமா. அவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

இறங்கி வருமுன் அந்தப் பையனிடம் இந்தச் செய்தியைச் சொன்னோம். அவன் கேள்விப்பட்டிருக்கவில்லை. மெட்ராஸ் பெண்ணா என்று கேட்கவில்லை. படம் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

"கடைசி ஃப்ரேம் ஸ்கோர் என்ன அண்ணாச்சி?"

அறுபத்தெட்டுக்கு அறுபது என்றோம். பக்கத்து மேசையில் ஆடியவர்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். அவன் ஒரு நொடி மனத்துக்குள் கணக்குப் போட்டான்.

"எட்டுதானா வித்தியாசம்? அப்பம் கறுப்பு வரைக்கும் போயிருக்கும்" என்றான்.